தூக்கும் எடை ஏறாமல் நின்றுவிட்டதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

ஜிம்மில் சேர்ந்த முதல் இரண்டு மூன்று மாதம் பெரும்பாலானவர்களுக்கு நன்றாகவே போகும். ஒவ்வொரு முறையும் பாரில் (எடை மாட்டித் தூக்கும் இரும்புக் கம்பியில்) இரண்டரை கிலோ கூட்டுவோம், ஏறிவிடும். பிறகு ஒருநாள் 50 கிலோ பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளுவது) ஐந்து ரெப், அதாவது ஐந்து முறை, வராமல் நாலோடு நிற்கும். அடுத்த முறையும் நாலு. அதற்கடுத்த முறை மூன்று. அப்போதுதான் "நம் உடம்புக்கு இவ்வளவுதான் போலிருக்கிறது" என்று தோன்றும். இல்லையென்றால் பயிற்சித் திட்டத்தையே தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றுக்குத் தாவத் தோன்றும். இரண்டுமே அவசர முடிவு. பயிற்சி தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாத ஒருவர் தன் உடம்பின் எல்லையைத் தொட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எங்கோ ஒரு இடத்தில் அடைப்பு இருக்கிறது. எந்தப் பயிற்சியில், எந்த செட்டில் (ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்யும் சில ரெப் சேர்ந்தது ஒரு செட்), அசைவின் எந்தப் புள்ளியில் நிற்கிறது என்று கவனித்தால், அடைப்பு எங்கே என்று தெரிந்துவிடும்.

அடைப்பு ஏன் சரியாக இந்தக் கட்டத்தில் வெளிப்படுகிறது என்பதற்கும் காரணம் உண்டு. தொடக்கத்தில் பலம் கூடுவதில் பெரும்பங்கு நரம்பு மண்டலத்துக்கு. ஏற்கெனவே இருக்கிற தசையை முழுதாக வேலை வாங்க அது கற்றுக்கொள்கிறது. மோரிட்டானி, டிவ்ரீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: முதல் சில வாரங்களில் நரம்பின் பங்கு அதிகம், தசை பருப்பதன் பங்கு அதற்குப் பிறகே மேலோங்குகிறது. கற்றுக்கொள்ள அதிகச் சாப்பாடு வேண்டாம். தசை வளர வேண்டுமென்றால் சாப்பாடு, தூக்கம், போதிய செட் மூன்றும் வேண்டும். முதல் மாதங்களில் இந்த மூன்றில் ஓட்டை இருந்தாலும் எடை ஏறிக்கொண்டே இருந்தது. அந்தச் சலுகைக் காலம் முடிந்ததும் ஓட்டை தெரிய ஆரம்பிக்கிறது.

முதலில்: நிஜமாகவே நின்றுவிட்டதா?

ஒருநாள் எடை ஏறவில்லை என்றால் அது தேக்கம் ஆகாது. ஒரே பயிற்சி, ஒரே எடை, அடுத்தடுத்து மூன்று முறை முயன்றும் ஒரு ரெப்கூடக் கூடவில்லை என்றால்தான் தேக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். போன முறை 5, 4, 4 வந்தது, இந்த முறை 5, 5, 4 வந்தது என்றால் நீங்கள் முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

எடை குறைந்திருந்தாலும் பலம் கூடியிருக்கலாம். எப்லி சூத்திரம் என்று ஒன்று உண்டு. ரெப் எண்ணிக்கையை 30ஆல் வகுத்து, அதோடு 1 கூட்டி, எடையால் பெருக்கினால், ஒரே ஒரு ரெப் அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியும் என்ற தோராயக் கணக்கு கிடைக்கும். 60 கிலோவை 5 ரெப் தூக்கினால் 70 கிலோ. 57.5 கிலோவை 8 ரெப் தூக்கினால் 72.8 கிலோ. பாரில் எடை இறங்கியிருக்கிறது, பலம் ஏறியிருக்கிறது. அதேபோல, மாதத் தொடக்கத்தில் பாதி ஆழம் மட்டும் இறங்கி ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) போட்டவர் இப்போது முழு ஆழம் இறங்கினால், அதே எடையே அவருக்குப் பெரிய முன்னேற்றம்.

இதையெல்லாம் சரிபார்க்க நோட்டு வேண்டும். தேதி, எடை, ஒவ்வொரு செட்டிலும் வந்த ரெப், செட்டுக்கு இடையில் ஓய்வு எத்தனை நிமிடம், முந்தின இரவுத் தூக்கம் எத்தனை மணி, செட் முடிந்தபோது இன்னும் எத்தனை ரெப் மிச்சம் இருந்ததுபோல் தோன்றியது. இத்தனையும் ஒரு வரியில் அடங்கிவிடும். நோட்டு இல்லாதவர்கள் முதலில் இரண்டு வாரம் எழுதிவிட்டு வாருங்கள். ஞாபகத்தை நம்பி இறங்கினால், கீழே சொல்லியிருக்கும் எல்லாக் காரணமும் உங்களுக்கே சொன்னதுபோல் தோன்றும்.

அறிகுறி: முதல் செட் நன்றாக வருகிறது, மூன்றாவது செட்டில் சரிந்துவிடுகிறது

நோட்டில் 5, 4, 2 என்று இருக்கிறதா? பலத்தைச் சந்தேகிக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். கனமான ஐந்து ரெப் செட்டுக்குத் தசை பெரிதும் நம்பியிருப்பது பாஸ்போகிரியேட்டின் என்ற உடனடிச் சேமிப்பை. அது செட்டின்போது வேகமாகக் கரைகிறது, மறுபடி ஓரளவு முழுதாக நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் பிடிக்கிறது. ஒரு நிமிடத்தில் அடுத்த செட்டுக்குப் போனால், பாதி நிரம்பிய தொட்டியோடு போகிறீர்கள்.

2016இல் ஷோன்ஃபெல்ட் குழுவினர் இதை நேரடியாகச் சோதித்தார்கள். ஏற்கெனவே பயிற்சி உள்ள ஆண்களை இரண்டாகப் பிரித்து, எட்டு வாரம் ஒரே திட்டம் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு 1 நிமிட ஓய்வு, மற்றதற்கு 3 நிமிடம். 3 நிமிடம் ஓய்வெடுத்தவர்களுக்கே பலம் அதிகம் கூடியது.

இதில் நானே பட்டிருக்கிறேன். ஓவர்ஹெட் பிரஸ்ஸில் (நின்றுகொண்டு பாரைத் தலைக்கு மேலே தள்ளுவது) ஏறக்குறைய இரண்டு மாதம் ஒரே எடையில் கிடந்தேன். வியர்வை காய்வதற்குள் அடுத்த செட் எடுப்பதுதான் கடின உழைப்பு என்று நினைத்திருந்தேன். டைமர் வைத்து நான்கு நிமிடம் உட்கார ஆரம்பித்ததும் இரண்டாவது வாரத்திலேயே எடை நகர்ந்தது. வேறு எதையும் மாற்றவில்லை.

முக்கியப் பயிற்சிகளுக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம், பைசெப்ஸ் கர்ல் போன்ற சின்னப் பயிற்சிகளுக்கு ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் போதும்.

முதல் செட்டே சரியாக வரவில்லை என்றால் வார்ம்-அப்பைப் பாருங்கள். ஒவ்வொரு எடையிலும் பத்துப் பத்து ரெப் போட்டுக்கொண்டே மேலே வந்தால், வேலை செட்டுக்கு (அன்றைய முழு எடையில் போடும் செட்டுக்கு) வரும்போது பாதி பலம் செலவாகியிருக்கும். 60 கிலோ வேலை எடை என்றால் வெறும் பார் 20 கிலோவில் 8 ரெப், 35இல் 5, 47.5இல் 3, 55இல் ஒன்றே ஒன்று. எடை கூடக்கூட ரெப் குறைய வேண்டும்.

அறிகுறி: ஸ்குவாட்டும் டெட்லிஃப்டும் (பாரைத் தரையிலிருந்து இழுத்துத் தூக்குவது) ஏறுகின்றன, பெஞ்சும் ஓவர்ஹெட் பிரஸ்ஸும் மட்டும் நிற்கின்றன

இது வெறும் கணக்குப் பிரச்சினை. பெரும்பாலான ஜிம்களில் இருக்கும் மிகச் சிறிய பிளேட் 1.25 கிலோ. இரண்டு பக்கமும் போட்டால் 2.5 கிலோ. 100 கிலோ ஸ்குவாட்டில் அது 2.5 சதவீதம். 30 கிலோ ஓவர்ஹெட் பிரஸ்ஸில் அதே 2.5 கிலோ 8 சதவீதத்துக்கும் மேல். ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையில் எந்தத் தோளும் அவ்வளவு வளர்ந்துவிடாது. டம்பெல்லில் நிலைமை இன்னும் மோசம்: 10 கிலோவிலிருந்து 12.5க்குப் போவது 25 சதவீதத் தாவல். பெண்கள் பலருக்கு இந்தச் சுவர் ஆண்களைவிட முன்னதாகவே வருகிறது. அவர்கள் மேலுடல் பயிற்சிகளைத் தொடங்கும் எடை குறைவு என்பதால் தாவலின் சதவீதம் பெரிதாகிவிடுகிறது. "பெண்களால் இவ்வளவுதான் முடியும்" என்று இதைப் படித்துக்கொள்வது பெரிய அநியாயம்.

அரை கிலோ, கால் கிலோ பிளேட்டுகள் கிடைக்கின்றன. ஒரு ஜோடி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் ஒரு கிலோ, அரை கிலோ என்று ஏறலாம். ஒரு புதியவர் தனக்காக வாங்கும் பொருட்களில் பெல்ட்டுக்கும் கையுறைக்கும் முன்னால் நான் இதைத்தான் வைப்பேன். வாங்க வழியில்லையா, ரெப்பால் ஏறுங்கள். 30 கிலோவை மூன்று செட்டிலும் ஐந்து ரெப் தூக்கியதும் எடையைத் தொடாமல் ஆறு, ஏழு, எட்டு என்று கொண்டுபோங்கள். மூன்று செட்டிலும் எட்டு வந்த பிறகு 32.5க்கு மாறி ஐந்திலிருந்து தொடங்குங்கள்.

அறிகுறி: எப்போதும் ஒரே புள்ளியில் பார் நின்றுவிடுகிறது

இங்கேதான் பொறுமையாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். போனைப் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் வைத்து, கடைசி செட்டை வீடியோ எடுங்கள். உடம்பு சொல்வதும் வீடியோ காட்டுவதும் அடிக்கடி ஒத்துப்போகாது.

ஸ்குவாட்டில் அதிகம் காண்பது: கீழிருந்து எழும்போது இடுப்பு முதலில் மேலே போய்விடும், நெஞ்சு தரையைப் பார்க்கக் கவிழும், மிச்சத்தை முதுகு இழுத்து முடிக்கும். எடை பாதத்தின் நடுவை விட்டு விரல்பக்கம் நகர்வது ஒரு காரணம். வயிற்றை இறுக்காமல் இறங்குவது இன்னொன்று. தொடையின் முன்தசை எடைக்கு ஈடுகொடுக்காமல், உடம்பு வேலையை இடுப்புக்குத் தள்ளிவிடுவது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே மருந்து ஓரளவு வேலை செய்யும்: எடையில் 10 சதவீதம் இறக்கி, அடியில் இரண்டு நொடி நின்று எழும் ஸ்குவாட். அடியில் நிற்கும்போது எடை எங்கே சாய்கிறது என்பது பாதத்துக்கே தெரியும். இறங்கும் முன் மூச்சை வயிறு வரை இழுத்து, யாரோ குத்த வருவதுபோல் சுற்றிலும் இறுக்கிக்கொள்ளுங்கள். இப்படி மூச்சைப் பிடிப்பது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றும். ஏற்கெனவே ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே செய்ய வேண்டும்.

பெஞ்ச் பிரஸ்ஸில் நெஞ்சிலிருந்து கிளம்பவே மறுக்கிறதா, பாதி வழியில் நிற்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். நெஞ்சில் மோதி எழுப்பிப் பழகியவர்களுக்கு அடிப்பகுதி பலம் வளர்ந்திருக்காது. நெஞ்சில் ஒரு நொடி நிறுத்தித் தள்ளும் பெஞ்ச்சை ஒரு மாதம் போடுங்கள். முதல் வாரம் எடை குறையும், அது கணக்கில் வராது. தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் இழுத்து பெஞ்சில் அழுத்தி வைத்திருக்கிறீர்களா, பார் ஒவ்வொரு ரெப்பிலும் நெஞ்சின் ஒரே இடத்தில்தான் தொடுகிறதா என்பதையும் வீடியோவில் பாருங்கள். பாதிக்கு மேல் நின்றால் பெரும்பாலும் டிரைசெப்ஸ்தான் பின்தங்குகிறது. கைப்பிடியைச் சற்றுக் குறுக்கிய பெஞ்ச் அதற்கு உதவும். இன்னொன்று: தேக்கத்தை உடைக்க முயலும் நாட்களில் தனியாக பெஞ்ச் போடாதீர்கள். பின்னால் ஆள் நிற்க வேண்டும், அல்லது ரேக்கில் பாதுகாப்புக் கம்பிகள் சரியான உயரத்தில் இருக்க வேண்டும். கட்டைவிரல் பாரைச் சுற்றியே இருக்கட்டும்.

டெட்லிஃப்டில் தரையை விட்டே எழவில்லை என்றால் பார் கணுக்காலை விட்டுத் தள்ளி இருக்கலாம். அல்லது ஸ்குவாட்போல் இடுப்பை மிகவும் தாழ்த்தித் தொடங்குகிறீர்கள். பாரைப் பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே வைத்து, வெடுக்கென்று இழுக்காமல், முதலில் கை விறைக்கும் வரை மெல்ல இழுத்துப் பிடித்துவிட்டுக் காலால் தரையைத் தள்ளுங்கள். முழங்காலில் நின்றால், அங்கே பார் உடம்பை விட்டு முன்னால் போகிறதா பாருங்கள். முதுகும் காலும் தயாராக இருந்தும் விரல் திறந்துகொள்கிறது என்றால் பிரச்சினை பிடியில் மட்டும். சாக் பவுடர் தடவுங்கள். வார்ம்-அப் முழுதும் இரண்டு உள்ளங்கையும் உடம்பைப் பார்த்த பிடியில் தூக்கி, கடைசி கனமான செட்டுக்கு மட்டும் ஸ்ட்ராப் (மணிக்கட்டையும் பாரையும் சேர்த்துக் கட்டும் பட்டை) கட்டிக்கொள்ளுங்கள். பிடி பலவீனம் என்பதற்காக முதுகின் வளர்ச்சியை நிறுத்தி வைக்கத் தேவையில்லை.

அறிகுறி: எல்லாப் பயிற்சியும் ஒன்றாக நின்றுவிட்டன, உடல் எடையும் அசையவில்லை

சாப்பாடு போதவில்லை. நன்றாகச் சாப்பிடுவதாகத்தான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்போம். தராசு வேறு கணக்குச் சொல்லும். தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை பார்த்து, ஏழு நாள் சராசரி எடுங்கள். ஒரு நாள் எண்ணுக்கு மதிப்பில்லை, தண்ணீரும் உப்பும் அதை ஒரு கிலோகூட ஆட்டிவைக்கும். மூன்று வாரச் சராசரி அசையவில்லை என்றால், தினமும் 200 முதல் 300 கலோரி கூட்டுங்கள். ஒல்லியாக இருக்கும் 65 கிலோ ஆளுக்கு வாரம் 150 முதல் 300 கிராம் ஏறினால் போதும். அதற்குமேல் ஏறினால் பெரும்பாலும் கொழுப்பாகத்தான் சேரும்.

புரதம்: பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வந்த ஒரு பெரிய அலசல், தசை வளர்ச்சிக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் என்ற அளவைச் சொன்னது. 65 கிலோ ஆளுக்கு 104 கிராம். அதற்குமேல் போனால் கிடைக்கும் பலன் சராசரியில் மிகக் குறைவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த எண் பொருந்தாது, அவர்கள் மருத்துவர் சொல்லும் அளவையே பின்பற்ற வேண்டும்.

டப்பாக்களில் விற்கும் மற்ற பொருட்களில் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் ஒன்றைத்தான் நான் துணிந்து சொல்வேன். தினமும் 3 முதல் 5 கிராம், எந்த நேரத்திலும். தொடக்கத்தில் தசைக்குள் தண்ணீர் சேர்வதால் உடல் எடை ஒரு கிலோ வரை கூடலாம், பயப்பட ஒன்றுமில்லை.

உடம்பைக் குறைப்பதற்காக வேண்டுமென்றே குறைவாகச் சாப்பிடுபவர் என்றால் கதையே வேறு. அந்த மாதங்களில் பாரில் எடையை இறக்காமல் காப்பாற்றினாலே அது வெற்றிதான்.

அறிகுறி: வார்ம்-அப் எடையே கனமாகத் தெரிகிறது

சாப்பாடு சரியாக இருக்கிறது, ஆனால் போன மாதம் பறந்த 40 கிலோ இன்று இரும்பாகக் கனக்கிறது. ஜிம் வாசலிலேயே திரும்பிவிடலாமா என்று இருக்கிறது. இது சோர்வு சேர்ந்த அறிகுறி. பலம் உள்ளேதான் இருக்கிறது, சோர்வு அதை மூடிக்கொண்டிருக்கிறது.

நோட்டில் தூக்கப் பத்தியை முதலில் பாருங்கள். இரண்டு வாரமாக ஆறு மணிக்குக் கீழே இருந்தால் மேலே படிக்க வேண்டாம். ஏழு எட்டு மணி நேரம் தூங்கிவிட்டு வந்து மறுபடி பாருங்கள். மாலையில் பயிற்சிக்கு முன் காபி குடிப்பவர்கள் கவனியுங்கள்: காஃபினில் பாதி உடலை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்.

தூக்கம் சரி என்றால், ஒவ்வொரு செட்டையும் பார் நிற்கும் வரை இழுக்கிறீர்களா? புதியவர்கள் பலர் அதைத்தான் பயிற்சி என்று நினைக்கிறார்கள். ஒன்றிரண்டு ரெப் மிச்சம் வைத்து நிறுத்தினாலும் பலம் வளரும், அடுத்த முறைக்கு உடம்பும் மீண்டிருக்கும்.

ஓட்டமும் ஒரு காரணமாக இருக்கலாம். 1980இல் ராபர்ட் ஹிக்சன் பத்து வார ஆய்வு ஒன்று வெளியிட்டார். பலப் பயிற்சியோடு கடுமையான ஓட்டமும் சைக்கிளும் சேர்த்துச் செய்தவர்களுக்கு, முதல் ஏழெட்டு வாரம் பலம் ஏறிவிட்டுப் பிறகு இறங்கத் தொடங்கியது. அவர்கள் செய்த அளவு மிக அதிகம், வாரம் இரண்டு மூன்று முறை நிதானமாக ஓடுபவருக்கு அது பொருந்தாது. ஆனால் தினமும் கடுமையாக ஓடிவிட்டு ஸ்குவாட் ஏறவில்லை என்று வருந்துபவர், ஓட்டத்தைக் குறைக்கலாம் அல்லது கால் பயிற்சி நாளிலிருந்து தள்ளி வைக்கலாம்.

இவை எதுவும் இல்லை என்றால் ஒரு வாரம் இளைப்பாறல் கொடுங்கள். ஜிம்முக்குப் போங்கள், அதே பயிற்சிகளைச் செய்யுங்கள், செட்டைப் பாதியாக்கி எடையில் 10 முதல் 15 சதவீதம் இறக்குங்கள். ஒரு வாரத்தில் தசை கரைந்துவிடாது. அடுத்த வாரம் பழைய எடையைத் தொடும்போது வித்தியாசம் கையில் தெரியும்.

தெரியவில்லை என்றால், அதோடு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குவது, தலைசுற்றல், அதிக மாதவிடாய்ப் போக்கு போன்றவை இருந்தால், ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரும்புச்சத்துக் குறைவையும் தைராய்டையும் எந்தப் பயிற்சித் திட்டத்தாலும் சரிசெய்ய முடியாது.

அறிகுறி: களைப்பே இல்லை, ஆனாலும் ஏறவில்லை

செட் முடியும்போது இன்னும் ஐந்தாறு ரெப் மிச்சம் இருக்கிறதா? வாரம் ஒரு நாள்தான் அந்தத் தசைக்கு வேலையா? வாரத்துக்கு ஒரு புதுப் பயிற்சி மாற்றுகிறீர்களா? எதுவானாலும் உடம்புக்கு வளரக் காரணம் கொடுக்கவில்லை. ஒரே நான்கைந்து பயிற்சிகளை வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, குறைந்தது இரண்டு மாதம் பிடித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வலியால் நிற்கிறது

மறுநாள் தசை கடுப்பது வேறு. மூட்டில் குத்தும் வலி, முதுகிலிருந்து கால்வழியே இறங்கும் வலி, மரத்துப்போதல், கை அல்லது கால் பலமிழத்தல் இவற்றில் எது இருந்தாலும் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தூக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ மயக்கமோ வந்தால் அன்றே, உடனே. இந்தப் பட்டியலில் எடையைக் குறைத்துப் பார்க்கலாம் என்ற சமாதானத்துக்கு இடமில்லை.

எல்லாம் சரிபார்த்தாயிற்று, இன்னும் நிற்கிறது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறீர்களா? ஓய்வையும் சாப்பாட்டையும் பயிற்சியையும் ஒரே வாரத்தில் மாற்றியவருக்கு, எடை நகர்ந்தாலும் எதனால் நகர்ந்தது என்று தெரியாது. அடுத்த தேக்கத்தில் மறுபடி இருட்டில் தடவ வேண்டும்.

ஒவ்வொன்றாகச் சரிசெய்து, 10 சதவீதம் இறக்கி மறுபடி ஏறி, இரண்டாவது முறையும் அதே எடையில் நின்றால், ஒவ்வொரு முறையும் எடை கூட்டும் காலம் அந்தப் பயிற்சிக்கு முடிந்துவிட்டது என்று பொருள். இனி வாரம் ஒரு முறை கூட்டலாம். ஸ்குவாட்டில் 80 கிலோ ஐந்து ரெப்போடு நின்றவர் என்றால் வாரத்தை இப்படிப் பிரியுங்கள்: முதல் நாள் 72.5 கிலோ, ஐந்து செட், ஐந்து ரெப். நடு நாள் 57.5 அல்லது 60 கிலோ, இரண்டு செட், கால் அசைய மட்டும். மூன்றாம் நாள் நன்றாக ஓய்வெடுத்துவிட்டு 82.5 கிலோவில் ஒரே ஒரு செட், ஐந்து ரெப். வந்துவிட்டால் அடுத்த வாரம் முதல் நாளிலும் மூன்றாம் நாளிலும் ஒன்று முதல் இரண்டரை கிலோ வரை கூட்டுங்கள். மூன்றாம் நாள் இரண்டு வாரம் தொடர்ந்து தவறினால் முதல் நாள் ஐந்து செட்டை நாலாக்குங்கள். அந்த ஐந்து செட்டும் சுலபமாகவே போய்க்கொண்டிருந்தால், செட்டைக் குறைக்காமல் முதல் நாள் எடையில் இரண்டரை கிலோ கூட்டிப் பாருங்கள்.